மேல் போர்ஷனுக்கு நோட்டு இல்லை

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதிக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை. 'இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று ஆறு வருடத்துக்கு முன் எழுதியவன் நான்தான். அதை மாற்றிக்கொள்ளவில்லை. இது ஒரு விவரம் கேட்டு எழுதும் கடிதம், அவ்வளவே.

நாங்கள் ஒரு வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம். பழைய வீடு. கீழே இரண்டு போர்ஷன், மேலே இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு மற்ற மூன்றையும் வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். லிப்ட் என்றால் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வீடு விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. புரோக்கர், "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்கிறார். மனைவி கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துச் சம்பாதித்ததும் இதில் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

எனக்குத் தெரிந்து இந்தத் தொழில் செய்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு வேலையையும் பார்த்துக்கொண்டு, அத்தான் போன பிறகும் மூன்று போர்ஷனைத் தனியாக நடத்துகிறீர்கள். முதல் தடவை வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

நாங்கள் கீழ் போர்ஷனில்தான் இருப்போம். உங்கள் மாடிப்படியில் விழுந்த நாளிலிருந்து அவள் எந்த வீட்டிலும் படி ஏறுவதில்லை. நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது. பதிலைப் பணிமனை முகவரிக்கு அனுப்பவும்.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்தது நம் பின் போர்ஷன் தபால்காரர். இன்னும் இங்கேதான் குடியிருக்கிறார். "தம்பி கையெழுத்து மாதிரி இருக்கேம்மா" என்று நீட்டிவிட்டு, நான் பிரிப்பதற்காக நின்றார். ஊர்க் கடிதமெல்லாம் சுமக்கிற மனுஷனுக்கு ஒன்றிலாவது என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தேன்.

அதென்னடா, புதிதாக 'நீங்கள்'? தாசில்தாருக்கு மனு போடுகிற மாதிரி. கோபம் என்றால் 'நீ' என்றே திட்டு. அது எனக்குப் பழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன், வாடகைக்கு விட்டுப் பார் என்று சொல்ல மறந்துவிட்டான். அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். முதலில், அந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. விற்கிறவன் உன்னைச் சாயங்காலம் காற்று வருகிற நேரத்துக்குத்தான் கூப்பிடுவான். நீ காலையில் எல்லாரும் குளிக்கிற நேரத்துக்குப் போ. மழை பெய்கிற அன்றைக்கு ஒரு தடவை போ. மேலே இருக்கிற குழாய்களையெல்லாம் திறந்துவிட்டுக் கீழே வந்து குளியலறைக் குழாயைத் திற. நூல் மாதிரி வந்தால் உள்ளே பைப் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நாலு அறையில் ஒன்று மட்டும் புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதே. அங்கேதான் ஒழுகுகிறது.

விற்கிறவனிடம் கேட்பதை விடக் குடியிருப்பவர்களிடம் கேள். அதுவும் அவன் இல்லாத நேரத்தில். எந்த வீட்டிலும் ரொம்ப நாள் குடியிருப்பவர் ஒருவர் இருப்பார். அந்த வீட்டின் வயிற்றுவலி எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். மீட்டர் தனித்தனியா என்று பார். ஒரே மீட்டர் என்றால் வேண்டவே வேண்டாம். யார் அதிகம் விளக்கு எரித்தார்கள் என்ற பஞ்சாயத்திலேயே உன் தலை நரைத்துவிடும்.

மூன்று வாடகையும் மாதம் தவறாமல் வரும் என்று கனவு காணாதே. ஒருவர் காலி செய்வார், ஒருவருக்கு வேலை போகும். எப்போதும் ஒன்று காலி என்றே நினைத்துக்கொள். அப்படியும் தாங்கும் என்றால் வாங்கு. கையில் இருப்பதையெல்லாம் விலையிலேயே கொட்டிவிடாதே. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுதவன் கதை ஆகிவிடும். கூரை, பைப், படி, இதற்கெல்லாம் எடுத்து வை.

என் பாட்டைச் சொல்கிறேன். முன்பக்கம் நான். பின் போர்ஷன் தபால்காரர். அவர் வாடகையும் என் சம்பளமும் போதும், வீடு கடனில்லாமல் ஓடுகிறது.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க மாட்டேன், கேட்கவும் கூடாது. ஆனால் அந்தக் குழந்தை இருந்திருந்தால் இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும். அதை எழுதாமல் கடிதத்தை மூட முடியவில்லை.

அக்கா


ஜனவரி 30

அக்கா,

'நீ' என்றே எழுதுகிறேன். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொன்னபடி மூன்று தடவை போனேன். குழாய்ச் சோதனை செய்தேன். மேலே எல்லாக் குழாயும் திறந்திருக்கையில் கீழே சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மேல் இடது போர்ஷனின் சமையலறை மட்டும் புது வெள்ளை. மழை நாளில் போய்க் கையை வைத்துப் பார்த்தேன், ஈரம். புரோக்கரிடம் சொன்னேன். "அது ஏசி குளிர்ச்சி சார்" என்றார். அந்த வீட்டில் ஏசியே இல்லை.

நீ சொன்ன மாதிரி ரொம்ப நாள் குடியிருப்பவர் ஒருவர் இருந்தார். மேல் வலதில் இருக்கும் ரொட்டிக் கடைக்காரர், விடியற்காலை அடுப்பு வேலை முடித்துவிட்டு மத்தியானம் தூங்குகிறவர். தூக்கத்தைக் கெடுத்துத்தான் பேசினேன். மேல் இடதில் இருப்பது விற்கிறவரின் மருமகன், நாலு வருடமாக ஒரு பைசா வாடகை தருவதில்லை என்றார். "அவங்ககிட்ட கேட்டா, நாலுலயும் ஆள் இருக்குன்னு சொல்வாங்க. ஆள் இருக்கு, ஆனா வாடகை இல்ல" என்று சிரித்தார். காகிதத்தில் நாலு வாடகை எழுதியிருந்தது. நான் விலையைக் குறைத்துக் கேட்டேன். மருமகன் காலி செய்த பிறகுதான் பத்திரம் என்றும் சொல்லிவிட்டேன். விற்கிறவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

மீட்டர் தனித்தனி. மாடிக்குப் பின்பக்கம்தான் வழி. படி சிமெண்ட் படி. ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். பார்த்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அவளை அழைத்துப் போய்க் காட்டினேன். கீழ் போர்ஷன் இரண்டையும் பார்த்தாள். மேலே போகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. படியடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேல நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, நம்பறேன்" என்றாள்.

ஒரு கேள்வி. உன் வீட்டில் மூன்று போர்ஷன். ஒன்றில் நீ, ஒன்றில் தபால்காரர். மேல் போர்ஷன் வாடகையைப் பற்றி நீ எழுதவே இல்லையே? யார் இருக்கிறார்கள் அங்கே?

தம்பி


பிப்ரவரி 8

தம்பி,

விலையைக் குறைத்துக் கேட்டாயா? சபாஷ். சின்ன வயதில் பத்துப் பைசா மிட்டாய்க்குப் பேரம் பேச வெட்கப்பட்டு என்னை அனுப்பியவன் நீ.

இப்போது வாங்கிய பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். என் வீட்டில் ஒவ்வொரு போர்ஷன் வாசலிலும் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும், நூலில் கட்டிய பென்சிலோடு. குடியிருப்பவர் குறையை அதில் எழுத வேண்டும். நான் வேலைக்குப் போகும்போது பார்ப்பேன். எழுதிய மூன்று நாளுக்குள் சரிசெய்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பேன். சலவைப் பிரிவில் கற்றது இது. எந்த இயந்திரம் என்ன சத்தம் போடுகிறது என்று எழுதாமல் விட்டால் ஒருநாள் யார் கையையாவது இழுத்துக்கொள்ளும். தபால்காரருக்கு மூன்றாவது நோட்டு ஓடுகிறது. 'குழாய் சொட்டுகிறது.' 'ஜன்னல் கொக்கி கழன்றது.' 'பூனை வருகிறது.' பூனைக்கு நான் என்ன செய்ய? 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாயால் சொன்னால் மறக்கும், மழுப்பலாம். எழுதிவிட்டால் அது கண் முன்னால் தொங்கும். அதனால் நோட்டை விடாதே.

இன்னொன்று. சொந்தக்காரருக்கு வாடகைக்கு விடாதே. யாராக இருந்தாலும் சரி. கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிடு. அன்றைக்கு ஒருநாள் மனஸ்தாபத்தோடு போகும்.

மேல் போர்ஷனைக் கேட்டிருந்தாய். பூட்டியிருக்கிறது. ஆறு வருடமாக.

காலி போர்ஷன் மாதம் மாதம் ரத்தம் குடிக்கும் என்று புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். ஊருக்குத்தானே உபதேசம்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

உன் கடிதத்தை லிப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயும் ஒரு அட்டை தொங்குகிறது. யார் எப்போது என்ன சரிபார்த்தார்கள் என்று எழுதுவதற்கு. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஒவ்வொரு போர்ஷன் வாசலிலும் நோட்டு தொங்கும் என்கிறாய். நாங்கள் உன் மேல் போர்ஷனில் ஒன்றரை வருடம் இருந்தோம். எங்கள் வாசலில் நோட்டு தொங்கவில்லை. ஆணிகூட இல்லை.

தபால்காரர் வீட்டுப் பூனைக்குக் கையெழுத்துப் போட்டவளுக்கு, ஏழு மாத வயிற்றோடு நாளைக்கு நாலு தடவை அந்த மரப்படியில் ஏறி இறங்கினவளுடைய வாசல் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

ஏன் அக்கா எங்களுக்கு நோட்டு இல்லை? இதற்கு மட்டும் பதில் எழுது. வீட்டைப் பற்றி இனி எதுவும் வேண்டாம்.

தம்பி


மார்ச் 2

தம்பி,

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்தேன். தபால்காரர் தினமும், "ஏதாவது போடணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். இன்றைக்கு எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

நீங்கள் குடிவந்த அன்று கடையில் நோட்டு வாங்கினேன். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். நீ கதவைத் திறந்து, "எங்களுக்குமா நோட்டு? நாங்க என்ன வெளியாளா?" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த நோட்டில்தான் பிறகு சலவைக் குறிப்பு எழுதினேன். உன் மேல் பழி போடுவதற்கு இதைச் சொல்லவில்லை. நீ சிரித்தாலும் நான் அடித்திருக்க வேண்டும். வீட்டுக்காரி நான்.

நோட்டு இல்லாததால் எனக்குத் தெரியவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். அது பொய். எனக்குத் தெரியும்.

அவள் விழுந்ததற்குப் பத்து நாள் முன்பு, குழந்தைக்கென்று துவைத்து மடித்த பழைய பருத்தித் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன், நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்பு, நூறு தடவை வெந்து பஞ்சு மாதிரி ஆனது. அன்று இறங்கும்போது மேலிருந்து மூன்றாவது படி என் காலுக்குக் கீழே ஆடியது. பலகையின் வலது பக்கம் ஆணி எழும்பி நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தச்சரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் தபால்காரர், குழாய் சொட்டுகிறது என்று எழுதினார். அன்றைக்கே வாஷர் மாற்றினேன். அவர் எழுதிவிட்டாரே, மூன்று நாள் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேனே. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவசரம் என்றால் சொல்ல மாட்டார்களா, நம்ம பிள்ளைகள்தானே, கொஞ்சம் அனுசரித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறும் போனது.

இன்னும் அசிங்கமான ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். உங்களுக்குப் பாதி வாடகைக்கு விட்டிருந்தேன். நானாகத்தான் விட்டேன், நீ கேட்கவில்லை. ஆனாலும் மனதில் ஒரு மூலை, 'பாதி வாடகைக்கு இது போதும்' என்று சொன்னது. வெளியாளிடம் முழு வாடகை வாங்கிக்கொண்டு முழு வேலை செய்தேன். உடன்பிறந்தவனுக்குப் பாதி விலையில் பாதி அக்கறை. சொந்தக்காரருக்கு விடாதே என்று நான் எழுதியது சொந்தக்காரரின் குணத்தைப் பற்றி இல்லை, என் குணத்தைப் பற்றித்தான்.

அவள் விழுந்த மறுநாள், நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கையில், தச்சர் வந்து முக்கால் மணி நேரத்தில் எல்லாப் படியையும் சரிசெய்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம்தான் ஆனது. அதற்குப் பிறகு அந்தப் படியில் யாரும் கால் வைக்கவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீயும் என் சார்பில் கேட்க வேண்டாம்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

பத்திரம் முடிந்தது. வீடு எங்கள் பெயரில். அடைத்த பைப்பை மாற்றியாகிவிட்டது. மருமகன் போய்விட்டார், கீழே இருந்தவர்களும் காலி செய்துவிட்டார்கள். ஒழுகின கூரைக்குத் தார் பூசி, இரண்டு மழை பார்த்தேன், ஒழுகவில்லை. கீழ் வலது போர்ஷனில் ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மேல் வலதில் ரொட்டிக்காரர். மேல் இடது காலி. ஒன்று எப்போதும் காலி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாய் அல்லவா, அப்படியே இருக்கிறது. எல்லா வாசலிலும் ஆணி அடித்துவிட்டேன். எங்கள் வாசலிலும்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் உன்னைத் திட்டி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

அவள் சொன்னாள், அக்கா. வாய்விட்டு, இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "மேலருந்து மூணாவது படி ஆடுது, அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சரி என்றேன். கீழே வந்து உன் வாசலில் நின்றேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாய். பாதி வாடகையில் குடியிருந்துகொண்டு எந்த வாயால் குறை சொல்வது என்று, "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நாலு நாள் கழித்து, "சொன்னீங்களா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன், அக்கா பாத்துக்கறேன்னு சொன்னா" என்றேன்.

உன்னிடம் வாய் திறக்காமல், சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

என் கருவிப் பை அந்த அறையிலேயே இருந்தது. இரண்டு ஸ்க்ரூ போதும். பத்து நிமிட வேலை. பத்து மாடி லிப்ட்டைத் தூக்கி நிறுத்துகிற கைக்கு ஒரு பலகையை முடுக்கத் தெரியாதா? நானே சரிசெய்தால் நீ பார்ப்பாய், குறை சொல்லாமல் சொன்ன மாதிரி ஆகும், உனக்கு முகம் சுண்டும் என்று நினைத்தேன். உன் முகம் சுண்டக் கூடாது என்று பார்த்தேன், அவள் கால் எங்கே வைக்கிறாள் என்று பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்ததும் முதலில் கேட்டது குழந்தையை. இரண்டாவதாக, "அக்காகிட்ட சொன்னோமே, ஏன் செய்யல?" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். நான் உன்னைத் திட்டினேன். திட்டத் திட்ட அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டது. வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதியதும் அதனால்தான். உன் எதிரில் நின்றால், 'என்னிடம் எப்போதடா சொன்னாய்?' என்று நீ கேட்டுவிடுவாய் என்ற பயம்.

ஆறு வருடமாக அவள் உன்னை வெறுக்கிறாள். தெரிந்தும் செய்யாதவள் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

புது வீட்டுக்கு வந்த அன்று, "மேல நீங்க பாத்துட்டீங்கன்னா போதும், நம்பறேன்" என்று மறுபடியும் சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

தம்பி


மார்ச் 28

தம்பி,

படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆறு வருடம் நான் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தேனே, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று. அப்புறம் நீ என் வாசலில் நின்ற அந்தக் காலைநேரத்தை நினைத்துப் பார்த்தேன். நீ எதையோ சொல்ல வந்து நிற்கிறாய் என்று எனக்கு அன்றே தெரிந்தது. கடன்தான் கேட்க வந்திருக்கிறான், கேட்காமலே போகட்டும் என்று நான்தான் முந்திக்கொண்டு சாப்பாட்டைக் கேட்டேன். போதுமா? நாம் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகமே இல்லை.

இப்போது சொல்கிறேன் கேள். அவளிடம் சொல்லாதே.

யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது, நான் செய்யவில்லை. ஆகவே அவள் நினைப்பதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. பழி எனக்குப் பழகிவிட்டது. அது இங்கேயே, தூரத்தில் இருக்கட்டும். அவளுக்கு இருப்பது நீ ஒருத்தன்தான். நம்புகிறேன் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறானே என்றுதான் அவள் நடமாடிக்கொண்டிருக்கிறாள். உன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவளிடம் இருக்கிற அதையும் பிடுங்காதே.

வீட்டைப் பார்த்துக்கொள். ரொட்டிக்காரரிடம் வாடகையை உடனே ஏற்றாதே. நல்ல குடித்தனக்காரர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அக்கா


மே 3

அக்கா,

உன் பேச்சைக் கேட்கவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பணிமனையில் படித்தேன். 'பழி எனக்குப் பழகிவிட்டது' என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அன்று பாதி வேலையில் வீட்டுக்கு வந்தேன். அவள் விடுமுறையில் இருந்தாள், ஜன்னல் திரைக்குக் கம்பி அளந்துகொண்டிருந்தாள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன். என் வாயாலும் சொன்னேன். நீ ஒத்துக்கொண்டதையும் சொன்னேன், நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். லென்ஸைப் பார்க்கிற மாதிரி, வெளிச்சத்தில் பிடித்து. பிறகு, "நான் ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். எழுந்து போய், ஆணியில் இருந்த மேல் இடது போர்ஷன் சாவியை எடுத்தாள். ஒரு தலையணை, ஒரு போர்வை, அவள் துணிப்பை. பின்பக்கம் போனாள்.

அக்கா, அவள் படி ஏறினாள்.

நான் கீழே நின்றேன். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு படி வைத்ததும், திரும்பாமலே, "பின்னால வராதீங்க" என்றாள். அப்புறம் எழுந்து மீதியையும் ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேலைக்குப் போகிறாள், வருகிறாள். என்னோடு பேசுவதில்லை. சமையல் தனி. மே ஒன்றாம் தேதி எங்கள் கதவுக்கு அடியில் ஒரு கவர் கிடந்தது. மேல் இடது போர்ஷன் வாடகை. பாதி அல்ல, முழு வாடகை. சொந்தக்காரருக்கு விடாதே என்றாய். சொந்தத்தில் என் முதல் குடித்தனக்காரி அவள்தான். கவரைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

அவள் மேலே போன மறுநாளே அந்த வாசல் ஆணியில் புது நோட்டு மாட்டினேன். பென்சிலைச் சீவி நூலில் கட்டினேன். தினமும் காலையில் ஏறிப் போய்ப் பார்த்தேன். ரொட்டிக்காரர் எழுதியிருப்பார், 'தண்ணீர் மஞ்சளாக வருகிறது' என்று. கீழே புதுக் குடும்பம் எழுதியிருக்கும். அவள் நோட்டு வெள்ளையாகவே இருந்தது. சமையலறைத் தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கிறது, எனக்கே தெரியும். அதைக்கூட எழுதவில்லை.

இன்றைக்குக் காலையில் எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில், மேல் ஓரத்தில், தேதி போட்டு. படித்துவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடினேன். மேலிருந்து எண்ணி, அந்தப் படியில் உட்கார்ந்து, கையால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. எப்படி அசையும்? இந்த வீட்டுப் படி சிமெண்ட். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன். எழுதிய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது உன் சட்டம். அதனால் இந்தக் கடிதத்தை இன்றைக்கே தபாலில் போடுகிறேன். இதைத்தான் உன் வாசலில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

'மேலிருந்து மூன்றாவது படி ஆடுகிறது. அக்காவிடம் சொல்லவும்.'

சொல்லிவிட்டேன், அக்கா.

தம்பி